முல்லை பாலையாகும் வழி: வறண்ட மேய்ச்சல் நிலங்களின் மறைந்த இழப்புகள்

தம்பின் வட்டாரத் தோட்டப்புறத் தமிழர்க்கு ஆடுமாடு வளர்த்தல் புதியதன்று. ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் உழைத்தோர் பலர் லயங்களின் அருகே கொட்டகை அமைத்து, மரங்களுக்கிடையே மாடு மேய்த்துப் பால் விற்று வருவாயைப் பெருக்கினர். இங்கு மேய்ந்த புல் அடுத்த மழையிலேயே தழைத்துவிடும். ஆதலால், மேய்ச்சலுக்கும் ஒரு விலை உண்டு என்னும் எண்ணம் நம் மாணவர்க்கு எளிதில் தோன்றுவதில்லை. அவ்விலை தெளிவாக வெளிப்படுவது வறண்ட நிலத்திலேயாகும். தமிழக நிலப்பரப்பைச் சான்றாகக் கொண்டு அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொல்காப்பியர் பாலைக்குத் தனி நிலம் வகுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் இயல்பு கெட்டுப் பாலையாகும் என்பது சிலப்பதிகாரக் காடுகாண் காதை தரும் விளக்கம். எனவே, பாலை என்பது நிலத்தின் வகையைக் காட்டிலும் நிலத்தின் நிலைமையையே குறிக்கிறது எனலாம். அந்நிலைமைக்கு வெம்மையோடு அளவு மீறிய மேய்ச்சலும் காரணமாவதை இன்றைய மண்ணியல் காட்டுகிறது.

இவ்விழப்புகளை மூவகையாகக் காணலாம். முதலாவது, நீர். கால்நடைகளின் குளம்புகள் மண்ணை இறுக்குவதால் மழைநீர் உட்புகாமல் வழிந்தோடுகிறது. அது அரித்துச் செல்லும் வண்டல் கீழேயுள்ள கண்மாயில் படிந்து கொள்ளளவைக் குறைக்கிறது. மேய்ப்போர் ஒருவர், பாசனநீர் இழப்போர் வேறொருவர்.

இரண்டாவது, உரம். பகலில் பொதுநிலத்தில் மேயும் மந்தையை இரவில் வயலில் கிடை போடுவது தமிழக மரபு. வயல் செழிக்கிறது, எனினும், மேய்ச்சல் நிலத்தின் சத்து சாணமாகவும் புழுக்கையாகவும் வெளியேறி, அங்கு மீள்வதில்லை.

மூன்றாவது, தாவரம். ஆடுமாடு விரும்பும் பல்லாண்டுப் புற்கள் ஓய்வின்றிக் கறிக்கப்படுவதால் வேர் நலிந்து அழிகின்றன. விரும்பாத முட்செடிகள் எஞ்சுகின்றன. இராமநாதபுரம் மாவட்டத்தில் பரவிய சீமைக் கருவேலத்தின் நெற்றுகளைக் கால்நடைகள் உண்ண, விதைகள் சாணத்தின் வழியே புதிய இடங்களில் முளைக்கின்றன. அம்மரத்தை அகற்றுமாறு சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2017இல் ஆணையிட்டது.

இதனால் ஆயரைப் பழித்தல் தகாது. பொது மேய்ச்சல் நிலங்கள் பிற பயன்பாடுகளுக்கு மாறியதால் எஞ்சிய நிலத்தில் மந்தைகள் நெருக்குண்டன என்பதையும் நாம் கருத வேண்டும். கொங்கு நாட்டுக் காங்கயம் பகுதியின் கொறங்காடு மாற்றுச் சான்றாகத் திகழ்கிறது. கிளுவை வேலியால் பிரிக்கப்பட்ட காடுகளில் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலமும் வளர, மந்தையை முறைமாற்றி மேய்க்கின்றனர். ஓய்வு பெறும் நிலம் விதை முற்றித் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது.

உலக மேய்ச்சல் நிலங்களில் பாதியளவு வரை சீர்கெட்டுள்ளதாக ஐக்கிய நாடுகளின் பாலைவனமாதல் தடுப்பு உடன்படிக்கை அமைப்பு 2024இல் மதிப்பிட்டது. ஐ.நா. பொது அவை 2026ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்கள், ஆயர்களுக்குரிய ஆண்டாக அறிவித்ததும் இக்கவலையாலேயே.

முல்லையையும் பாலையையும் இருவேறு பின்னணிகளாக மட்டும் கற்பித்தால், ஒன்று மற்றொன்றாகும் வழி மாணவர்க்குப் புலப்படாது. அவ்வழியை வகுப்பறையில் காட்டுதல் தமிழாசிரியர் கடமையாகும். கெட்ட நிலம் மீண்டும் முல்லையாகும் என்பதற்குக் கொறங்காடே சான்று. அதற்கு வேண்டுவது மழையோடு நிலத்திற்கு நாம் தரும் ஓய்வுமாகும்.