புல்லட்டின் துடிப்பு எங்கே போயிற்று?

சேலத்திலிருந்து சேர்வராயன் மலைமேல் உள்ள ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. விடுமுறை நாள் காலையில் அவற்றுள் ஒன்றின் ஓரமாக நின்று கவனித்தால், மோட்டார் சைக்கிள் கண்ணுக்குத் தெரியும் முன்பே காதுக்குத் தெரிந்துவிடும். இரண்டு வளைவு கீழே 'டுப்... டுப்... டுப்' என்று ஒன்று ஏறி வருகிறது. அது பழைய புல்லட். அதன் பின்னாலேயே, அதற்குத் தம்பி போன்ற தோற்றத்தில் இன்னொன்று. அதே வட்ட விளக்கு, அதே நீர்த்துளி வடிவப் பெட்ரோல் தொட்டி, அதே கம்பிச் சக்கரம். ஆனால் ஒலி மட்டும் வேறு. அடக்கமான, இடைவிடாத முனகல்.

மேலே ஏரிக்கரை டீக்கடையில் இந்த இரு வண்டிக்காரர்களும் சந்தித்தால் வழக்கு தொடங்கிவிடும். தோற்றம் இருக்கிறது, உயிர் இல்லை என்பார் பழைய வண்டிக்காரர். கை மரத்துப் போகாமல் வந்து சேர்ந்தேனே, அது போதாதா என்பார் புதியவர். பெரும்பாலோர் இதை வெறும் ரசனைச் சண்டை என்று சிரித்துவிட்டுப் போவார்கள். இயற்பியல் கற்பிக்கும் எனக்கு அப்படித் தோன்றவில்லை. 'உயிர்' என்று அவர் குறிப்பிடுவதற்குள் அளந்து பார்க்கக்கூடிய சங்கதிகள் சில ஒளிந்திருக்கின்றன. அவற்றைத் தனித்தனியே பிரித்தால், யார் கட்சி எவ்வளவு சரி என்பது விளங்கும்.

அதற்குமுன் கொஞ்சம் வரலாறு. ராயல் என்ஃபீல்டு இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து நிறுவனம். 'புல்லட்' என்ற பெயர் 1932இல் வந்தது. 1955இல் அந்நிறுவனமும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. 1970 வாக்கில் இங்கிலாந்தில் தாய் நிறுவனம் மூடப்பட்டது. மகளோ திருவொற்றியூரில் அதே வார்ப்பிரும்பு எஞ்சினைச் சிற்சில மாற்றங்களோடு செய்துகொண்டே இருந்தாள். டிரையம்ஃபின் மெரிடன் ஆலை 1983இல் மூடப்பட்டது. அந்தப் பெயர் பின்னர் ஹிங்க்லியில் மறுபிறவி எடுத்தது. பி.எஸ்.ஏ. கோல்டு ஸ்டார் 2021இல் மீண்டும் வந்தது. ஆகவே இங்கிலாந்து ரசிகருக்கு அந்தக் காலத்து வண்டி பெரும்பாலும் ஒரு நினைவுப் பொருள். நமக்கு அப்படியன்று. ஏற்காட்டுப் பாதையில் பழையதும் புதியதும் ஒரே வளைவில் அடுத்தடுத்து ஏறுகின்றன. ஒப்பிட இதைவிட நல்ல ஆய்வுக்கூடம் வேண்டுமா?

முதலில் ஒலியை எடுத்துக்கொள்வோம். புல்லட்டுக்கு ஒரே சிலிண்டர். நான்கு வீச்சு எஞ்சின். கிராங்க் தண்டு இரண்டு முறை சுழன்றால்தான் ஒரு முறை பெட்ரோல் எரியும். நின்ற இடத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு 900 சுற்று வேகத்தில் ஓடுகிறது என்று கொள்வோம். அப்போது நிமிடத்துக்கு 450 வெடிப்புகள், அதாவது நொடிக்கு 7.5. நொடிக்குச் சுமார் 20க்கும் குறைவான அடிகளை நம் செவி தொடர்ந்த சுருதியாகக் கேட்பதில்லை. தனித்தனி அடிகளாகவே உணர்கிறது. அதனால்தான் 'டுப்... டுப்'. அதே எஞ்சின் 4000 சுற்றில் ஓடினால் நொடிக்கு 33 வெடிப்புகள். அடிகள் ஒன்றில் ஒன்று கரைந்து தாழ்ந்த ஒரு சுருதியாகிவிடும். எந்தப் புல்லட்டும் விரைந்து ஓடும்போது துடிப்பதில்லை!

அப்படியானால் துடிப்பின் இரகசியம், எஞ்சின் எவ்வளவு மெதுவாக ஓட முடிகிறது என்பதே. பழைய புல்லட்டில் ஃபிளைவீல் என்னும் கனத்த சக்கரம் உண்டு. ஒரு வெடிப்புக்கும் அடுத்த வெடிப்புக்கும் இடையே அதன் நிலைமம்தான் எஞ்சினை நிற்காமல் இழுத்துச் செல்கிறது. கார்புரேட்டர் திருகைச் சற்றே தளர்த்தி வேகத்தை இன்னும் குறைத்து, அடிகளை எண்ணி எண்ணி ரசிப்பவர்கள் உண்டு. (எண்ணெய் பம்பும் அப்போது மெதுவாகத்தான் சுற்றும். எஞ்சினுக்கு அது நல்லதன்று. ஆனால் ரசிகரிடம் இதை யார் சொல்வது?) இன்றைய வண்டியில் பெட்ரோலைத் தெளிப்பது ஒரு சிறு கணினி, அதை ரசிகர் திருக முடியாது. புகைக்குழாயில் வினையூக்கி மாற்றியும் உட்கார்ந்திருக்கிறது. நச்சு வாயுக்களைக் குறைப்பது அதன் வேலை. போகிற போக்கில் புகையின் அழுத்தத் துடிப்புகளையும் மழுக்கிவிடுகிறது. ஆகவே ஒலியைப் பொறுத்தவரை பழைய வண்டிக்காரரின் புகார் உண்மைதான். அவர் இழந்ததை நாம் மூச்சுக் காற்றாகப் பெற்றுக்கொண்டோம்.

இங்கே வடிவமைப்பாளர்கள் செய்த ஒரு தந்திரம் என்னை மிகவும் கவர்ந்தது. 2018இல் வந்த இன்டர்செப்டர் 650க்கு இரண்டு சிலிண்டர்கள். 1960களில் இதே பெயரில் இங்கிலாந்தில் செய்த வண்டியில் இரு பிஸ்டன்களும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். 360 பாகைக்கு ஒரு வெடிப்பு என்று சீராக நிகழும். புதிய எஞ்சினில் கிராங்க் தண்டை 270 பாகை விலக்கி அமைத்திருக்கிறார்கள். இதில் முதல் வெடிப்புக்கும் இரண்டாவதற்கும் இடையே 270 பாகை. இரண்டாவதற்கும் அடுத்ததற்கும் இடையே 450 பாகை. இடைவெளிகளின் விகிதம் 3க்கு 5. கண்ட சாபு தாளம் இரண்டும் மூன்றுமாகச் சற்றே நொண்டி நடப்பதைக் கேட்டிருப்பீர்கள். ஏறக்குறைய அந்த நடைதான். 1200 சுற்றில் நொடிக்கு 20 வெடிப்புகள் நிகழ்ந்தாலும், இந்தக் குட்டை-நெட்டை அமைப்பு முழுதாகத் திரும்பி வருவது நொடிக்கு 10 முறைதான். அது ஒற்றைச் சிலிண்டர் வண்டியின் கணக்கு! இரட்டைச் சிலிண்டருக்குள் ஒற்றைச் சிலிண்டரின் தாளத்தை ஒளித்து வைத்துவிட்டார்கள். செவி விரும்புவதைக் கணக்குப் போட்டுச் செய்த வேலை இது.

அடுத்தது அதிர்வு. பலரும் ஒலியையும் அதிர்வையும் ஒன்றாகவே பேசுகிறார்கள். இரண்டுக்கும் மூலம் வேறு. ஒலி புகைக்குழாயிலிருந்து வருகிறது; அதிர்வோ பெரும்பாலும் பிஸ்டனின் ஓட்டத்திலிருந்து பிறக்கிறது. பழைய புல்லட் 350இன் சிலிண்டர் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். (கன அளவைப் போட்டுப் பாருங்கள், 346 கன சென்டிமீட்டர் வரும்.) மேலும் கீழும் ஓடும் பகுதிகளின் நிறையைக் கணக்குக்காக அரை கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். பிஸ்டன் ஏறக்குறைய தனிச் சீரிசை இயக்கத்தில் ஓடுவதால், இரு முனைகளிலும் அதைத் தடுத்துத் திருப்பத் தேவைப்படும் விசை, நிறை × ஆரம் × கோணத் திசைவேகத்தின் இருமடி. ஆரம் 90இல் பாதி, 45 மில்லிமீட்டர். 1500 சுற்றில் இந்த விசை ஏறத்தாழ 555 நியூட்டன். 4000 சுற்றில் ஏறத்தாழ 3950 நியூட்டன், அதாவது சுமார் 400 கிலோகிராம் எடைக்குச் சமம்! வேகம் 2.7 மடங்குதான் கூடியது. விசையோ 7 மடங்கு. மலை ஏறும்போது 'உயிர்த்துடிப்பாக' இருந்த அதே அதிர்வு, சமவெளியில் விரைந்து போகையில் விரல்களை மரக்க வைத்து, கண்ணாடியில் பின்னால் வரும் பேருந்தை மங்கலாக்கி, திருகுகளைக் கழற்றிவிடுவதற்குக் காரணம் இந்த இருமடிதான்.

பழைய எஞ்சினில் கிராங்க் தண்டில் ஓர் எதிரெடை இருக்கும். பிஸ்டனின் விசையை முழுதும் ஈடுகட்டும் அளவுக்கு அதைக் கனமாக்கினால் மேல்-கீழ் ஆட்டம் போய் முன்-பின் ஆட்டம் வந்துவிடும். எனவே பாதியளவோடு நிறுத்துவது வழக்கம். 2021இல் கிளாசிக் 350க்குள் வந்த புதிய எஞ்சினில் இன்னொரு தண்டும் சுழல்கிறது. அதே வேகம், எதிர்த் திசை. இரண்டின் எதிரெடைகளும் மேல்-கீழாகச் சேர்ந்து பிஸ்டனை ஈடுகட்டுகின்றன. முன்-பின்னாக ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. எளிய யோசனைதான், அழகான யோசனை. 'உயிர் போயிற்று' என்று புலம்புகிறவர் உண்மையில் இந்தச் சிறு தண்டைத்தான் திட்டுகிறார்.

மூன்றாவது, இழுவை. முந்தைய எஞ்சினின் உச்சத் திருப்பு விசை 28 நியூட்டன் மீட்டர், புதியதில் 27. இரண்டும் 4000 சுற்றில்தான். ஆகவே மலையில் இழுக்கவில்லை என்ற புகாருக்கு இங்கே ஆதாரம் குறைவு. 2023இல் வந்த டிரையம்ஃப் ஸ்பீடு 400 வேறு கதை. அதன் 37.5 நியூட்டன் மீட்டர் 6500 சுற்றில் கிடைக்கிறது. வலிமை அதிகம், ஆனால் முழு வலிமையும் வேண்டுமென்றால் கீழ் கியரில் எஞ்சினை விரைந்து சுழல விட வேண்டும். இளைஞர்கள் இதை விரும்புகிறார்கள். மேல் கியரிலேயே கொண்டை ஊசியைத் திரும்பப் பழகியவருக்கு எரிச்சல் வருகிறது. கடல்மட்டத்திலிருந்து 1500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 14 சதவீதம் குறைவு என்பதையும் மறக்க வேண்டாம். கார்புரேட்டர் அதை அறியாமல் பெட்ரோலை மிகுதியாக ஊட்டும். புதிய வண்டியின் உணரி அழுத்தத்தை அளந்து குறைத்துக்கொள்ளும்.

தோற்றம் பற்றியும் ஒரு சொல். காற்றால் குளிரும் எஞ்சினுக்குப் பரப்பு அதிகம் வேண்டும். அதற்காகவே சிலிண்டரைச் சுற்றி அடுக்குத் தகடுகள். என்ஃபீல்டின் புதிய 350இல் அவை இன்னும் உழைக்கின்றன. டிரையம்ஃபின் இன்றைய போனவில் நீரால் குளிர்வது. தகடுகள் பெரும்பாலும் அழகுக்கு. அதில் பெட்ரோல் தெளிப்பானைக்கூடக் கார்புரேட்டர் போலவே செய்து வைத்தார்கள். பொய் வேடம் என்று கடிந்துகொள்ளும் ரசிகர்கள் உண்டு. எனக்குக் கோபமில்லை. மாமல்லபுரத்துத் திரௌபதி ரதம் கல்லில் செதுக்கிய கூரைக் குடிசைதானே!

ஆனால் டீக்கடை வழக்கில் யாரும் எடுக்காத ஒன்று பிரேக். ஏறியவர் இறங்க வேண்டுமல்லவா? வண்டியும் இருவருமாக 325 கிலோகிராம். இறக்கம் 1100 மீட்டர் என்று கொண்டால், நிலையாற்றல் ஏறத்தாழ 35 லட்சம் ஜூல். 30 பாகை வெப்பநிலையில் உள்ள 12 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான ஆற்றல் இது. ஒரு பங்கைக் காற்றும், கீழ் கியரில் எஞ்சினும் வாங்கிக்கொள்ளும். மீதி முழுதும் பிரேக்கில் வெப்பமாகும். பழைய டிரம் பிரேக்கில் அந்த வெப்பம் மூடிய குடத்துக்குள் சிக்கும், குடம் சூட்டில் விரிந்து உராயும் கட்டைகளை விட்டு விலகும், உராய்வும் குறையும். கடைசி வளைவுகளில் மிதித்தாலும் வண்டி பிடிக்காமல் போவது இதனால்தான். வட்டத்தகட்டு பிரேக் திறந்த காற்றில் குளிர்கிறது. போதாக்குறைக்கு, பழைய புல்லட்டில் கியர் மிதி வலப்புறம், பிரேக் இடப்புறம். பழகாதவர் அவசரத்தில் எதை மிதிப்பார்? இந்த ஒரு விஷயத்தில் பழைய வண்டியின் கட்சிக்கு நான் எந்தச் சலுகையும் தர மாட்டேன்.

ஓட்டுவதற்கு 18 வயதாகட்டும். கேட்பதற்கு இப்போதே தடையில்லை. உங்கள் தெருவில் நிறுத்தி வைத்து ஓடவிட்டிருக்கும் பழைய புல்லட் ஒன்றின் ஒலியைக் கைப்பேசியில் 10 நொடி பதிவு செய்யுங்கள். ஒலியலையை வரைந்து காட்டும் செயலியில் திறந்து முகடுகளை எண்ணுங்கள். அந்த எண்ணை 12ஆல் பெருக்கினால் எஞ்சினின் நிமிடச் சுற்று கிடைக்கும். 75 முகடுகள் என்றால் 900. (ஏன் 12 என்று நீங்களே கண்டுபிடியுங்கள்.) அடுத்து புதிய கிளாசிக் ஒன்றைப் பதிவு செய்து முகடுகளின் எண்ணிக்கையையும் கூர்மையையும் ஒப்பிடுங்கள். இன்டர்செப்டர் கிடைத்தால் இன்னும் நல்லது. முகடுகளின் இடைவெளியை அளவுகோலால் அளந்து, மூன்றுக்கு ஐந்து வருகிறதா என்று பாருங்கள்.