சக்கரம் வைத்த தெரு

அமெரிக்காவில் மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ போய்விட்டு வருகிறவர்கள் சொல்லும் கதைகளில் இது ஒன்று. "நெடுஞ்சாலையில் ஒரு வண்டியைப் பார்த்தேன், வீடே உருண்டு போகிற மாதிரி. ஓட்டினவருக்கு எழுபது வயதாவது இருக்கும். பக்கத்தில் அந்த அம்மா, மடியில் நாய்க்குட்டி. பாவம், இந்த வயதில் இப்படி அலைகிறார்களே!" டீயை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். அந்தப் 'பாவ'த்தையும் 'அலைகிறார்க'ளையும் இன்றைக்குக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் வண்டி. எல்லாரும் ஆர்.வி. என்றே சொல்கிறார்கள். 'ரிக்ரியேஷனல் வெஹிக்கிள்' என்பதன் சுருக்கம். பொழுதுபோக்கு வண்டி என்று வைத்துக்கொள்ளலாம். இதில் இரண்டு சாதி உண்டு. ஒன்று எஞ்சினோடு பிறந்தது. பஸ் மாதிரி இருக்கும், ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னாலேயே சோபா, அடுப்பு, கட்டில். இன்னொன்றுக்கு எஞ்சின் கிடையாது. ஏதாவது ஒன்று இழுத்துக்கொண்டு போக வேண்டும். ஓய்வுபெற்றவர்கள் விரும்பி வாங்கும் 'ஃபிஃப்த் வீல்' இந்த இரண்டாம் சாதி. நம் ஊர்க் கண்டெய்னர் லாரியில் தலை தனி, பெட்டி தனியாகக் கோத்திருக்குமே, அதே ஏற்பாடுதான். லாரித் தலைக்குப் பதிலாக ஒரு பெரிய பிக்கப் டிரக். போய்ச் சேர்ந்ததும் பெட்டியைக் கழற்றி நிறுத்திவிட்டு, டிரக்கை மட்டும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போகலாம்.

சாலையில் போகும்போது இந்த வண்டி எட்டரை அடி அகலம்தான். அதற்குள் எப்படிக் குடித்தனம் நடத்துவது? அதற்கும் வழி கண்டிருக்கிறார்கள். நிறுத்தியபின் ஒரு பொத்தானை அழுத்தினால், தீப்பெட்டியின் உள்பெட்டி நகர்வதுபோல் பக்கச்சுவர் சோபாவோடு வெளியே நகர்கிறது. நடுவில் ஒரு கூடம் பிறந்துவிடும். சாப்பாட்டு மேசையைத் தாழ்த்திப் பெஞ்சு மெத்தைகளை மேலே பரப்பினால் அதுவே கட்டில். இந்தக் கட்டிலை நினைவில் வையுங்கள், பேரப்பிள்ளைகள் வரும்போது தேவைப்படும்.

அடுத்தது ஆர்.வி. பார்க். 'பார்க்' என்றதும் நமக்கு ஊஞ்சலும் புல்தரையும் நினைவுக்கு வரும். இது வேறு. மனைப்பிரிவு போட்ட நகர் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். எண் போட்ட மனைகள், நடுவே சிறு தெருக்கள். ஆனால் மனையில் வீடு இல்லை. இடுப்பளவு உயரத்தில் ஒரு மின்கம்பம், ஒரு தண்ணீர்க் குழாய், தரையோடு தரையாக ஒரு சாக்கடைக் குழாய் வாய். வீட்டை நாம் கொண்டுவர வேண்டும். கொண்டுவந்து நிறுத்தி, ரசமட்டம் வைத்துச் சமம் பார்த்து, மூன்றையும் மாட்டினால் குடிபுகுந்தாயிற்று. சமம் பார்ப்பது வெறும் அழகுக்காக அல்ல. கேஸில் ஓடும் பழைய பாணி ஃபிரிட்ஜ், வண்டி சாய்ந்து நின்றால் கெட்டுப்போகும்.

மின்சாரத்தில் ஒரு சின்ன வேடிக்கை. கம்பத்தில் 30 ஆம்பியர், 50 ஆம்பியர் என்று இருவகைப் பிளக் இருக்கும். 50 என்றால் இரண்டு மடங்கு கூட இல்லையே என்று தோன்றும். அங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ட். 30 ஆம்பியர் பிளக்கில் ஒரே கம்பி வழி, ஆகவே 3600 வாட். 50 ஆம்பியர் பிளக்கிலோ இரண்டு கம்பிகள், ஒவ்வொன்றிலும் 50. மொத்தம் 12,000 வாட். மூன்று மடங்குக்கும் மேல். 30-இல் குடியிருப்பவர் ஏ.சி. ஓடும்போது மைக்ரோவேவையும் காபி மிஷினையும் சேர்த்துப் போட்டால் டிரிப் ஆகிவிடும். காபியா, குளிர்ச்சியா என்று புருஷன் பெண்டாட்டி பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

டீ குடிக்கும்போது சொல்லலாமா என்று தெரியவில்லை, ஆனால் சொல்லாமலும் முடியாது: கழிவு. வண்டிக்கு அடியில் இரண்டு தொட்டிகள். குளித்த, பாத்திரம் கழுவிய தண்ணீருக்குச் 'சாம்பல்' தொட்டி. கழிவறைக்குக் 'கறுப்பு' தொட்டி. புதிதாக வருகிறவர், 'குழாயைத்தான் மாட்டியாயிற்றே, திறந்தே இருக்கட்டும்' என்று கறுப்புத் தொட்டியின் வால்வைத் திறந்து விட்டுவிடுவார். ஆற்றில் தண்ணீர் வடிந்தபின் வண்டல் தங்குவதுபோல, நீர் முந்திக்கொண்டு ஓடிவிடும். மற்றது தங்கி இறுகிவிடும். ஆகவே மூடி வைத்து, முக்கால்வாசி நிறைந்தபின் ஒரேயடியாகத் திறந்து, அதற்குப் பிறகு சாம்பல் தொட்டியைத் திறந்து குழாயை அலச வேண்டும். இந்த வரிசையைப் பக்கத்து மனைக்காரர் முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிடுவார். பல நட்புகள் இங்கே இப்படித்தான் தொடங்குகின்றன.

இனி, நாம் எல்லாரும் செய்யும் தவறுக்கு வருவோம். சக்கரத்தைப் பார்த்ததும் 'ஓடுவது' என்று முடிவுகட்டிவிடுகிறோம்.

ஒரு தம்பதியை எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். பெயர் வேண்டாம். அயோவா மாநிலத்துக்காரர்கள், அவர் சோளமும் சோயாவும் பயிரிட்டவர், அந்த அம்மா பள்ளி ஆசிரியை. அயோவாவில் ஜனவரி என்றால் வாசல் பனியை மண்வெட்டியால் அள்ளினால்தான் காரையே வெளியே எடுக்க முடியும். எழுபது வயதில் அந்த வேலை இடுப்புக்கு ஆகாது. ஆகவே கிறிஸ்துமஸ் முடிந்ததும் தெற்கே டெக்சஸின் அடிநுனிக்கு, ரியோ கிராண்டே பள்ளத்தாக்குக்குப் போகிறார்கள். மிஷன், மெக்காலன், வெஸ்லகோ, ஹார்லிங்கன் என்று வரிசையாக ஊர்கள். பனைமரங்களும் பம்பளிமாசுக்கு உறவான கிரேப்ஃப்ரூட் தோட்டங்களும். தூரம் சுமார் 2000 கிலோமீட்டர். ஆர்.வி. உலகில் ஒரு வாய்ப்பாடு உண்டு: ஒரு நாளைக்கு 300 மைலுக்கு மேல் ஓட்டாதே, பிற்பகல் 3 மணிக்குள் நிறுத்திவிடு. அப்படிப் போனால் நாலைந்து நாள். திரும்பி வர நாலைந்து நாள். வருடத்தில் அந்தச் சக்கரம் உருளுவது பத்து நாளைத் தாண்டாது. மீதி நாளெல்லாம் வெயிலுக்கு உறை போட்டு டயர் தூங்குகிறது. சிலர் அந்தப் பத்து நாளும் வேண்டாமென்று, மனையை வருட வாடகைக்கு எடுத்து வண்டியை அங்கேயே விட்டுவிட்டுக் காரில் வந்து போகிறார்கள்.

ஊர்சுற்றிகள் என்று நினைத்தவர்கள், நம் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்களைவிட நிலையாக ஒரே தெருவில் இருக்கிறார்கள். போன வருடம் 114-ஆம் மனையில் இருந்தவர் இந்த வருடமும் 114. எதிர் மனையில் மினசோட்டாக்காரர், அவருக்குப் பக்கத்தில் கனடாவின் மானிட்டோபாக்காரர். இதுவும் தற்செயல் இல்லை. மினசோட்டாவில் கிளம்பி அயோவா, ஓக்லஹோமா வழியாக டெக்சஸ் வரை இறங்கும் 35-ஆம் எண் நெடுஞ்சாலை யாரை இங்கே கொண்டுவந்து கொட்டுகிறதோ அவர்கள்தான் அக்கம்பக்கம். கிழக்குக் கரையோரத்தவர்கள் தங்கள் நெடுஞ்சாலையைப் பிடித்து ஃபுளோரிடா போய்விடுகிறார்கள். வடக்கத்திக்காரர்களைப் பொதுவாகப் 'பனிப்பறவை' என்பார்கள். டெக்சஸில் செல்லப்பெயர் 'வின்டர் டெக்சன்'. நம்மிடம் இதற்கு ஏற்கெனவே அழகான சொல் இருக்கிறது: வலசை. வலசை போகும் பறவையை வீடில்லாதது என்று யாரும் சொல்வதில்லை.

சரி, அப்படியானால் வீடிழந்து வேனில் வாழும் முதியவர்களே இல்லையா? இருக்கிறார்கள். 2021-இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய 'நோமேட்லேண்ட்' காட்டியது அவர்களைத்தான். வாடகை கட்ட முடியாமல், பருவத்துக்குப் பருவம் கூலி வேலை தேடி உண்மையிலேயே அலைகிறவர்கள். இருசாராருக்கும் கீழே சக்கரம் ஒன்றுதான் என்பதால் நாம் குழப்பிக்கொள்கிறோம். நம் தம்பதிக்கு அயோவாவிலும் வீடு பூட்டிக்கிடக்கிறது.

இப்போது அவர்கள் வாசலில் மார்ச் மாதத்தைப் பார்ப்போம். வசந்தத்தின் தொடக்கம், எலுமிச்சைக் குடும்பத்து மரங்கள் பூத்து, காற்றே இனிக்கும். காலையில் பிக்கிள்பால். 1965-இல் வாஷிங்டன் மாநிலத் தீவு ஒன்றில் பிள்ளைகளுக்குப் பொழுது போகட்டும் என்று பெரியவர்கள் கண்டுபிடித்த இந்த ஆட்டம், இன்று தாத்தா பாட்டிகளின் சொத்து. பிறகு பெண்கள் துணித்துண்டு ஒட்டுப்போட்டுப் போர்வை தைப்பார்கள். மரம் செதுக்குவார் சிலர். பொது அறையில் பாதி முடிந்த புதிர்ப்படம் ஒன்று எப்போதும் மேசைமேல் கிடக்கும், போகிறவர் வருகிறவர் ஒரு துண்டு பொருத்திவிட்டுப் போவார்கள். வாரத்தில் ஒருநாள் கூட்டாஞ்சோறு, ஆளுக்கொரு பாத்திரம். மாலை நான்கு மணிக்கு யாராவது ஒருவர் வண்டி முன்னால் மடக்கு நாற்காலியை விரிப்பார். அது அழைப்பு. அரைமணியில் பத்து நாற்காலிகள் வட்டமாகச் சேர்ந்துவிடும்.

இன்னொரு நாள் காரில் புரோக்ரேசோ வரை போய், அங்கே நிறுத்திவிட்டுப் பாலத்தை நடந்தே கடப்பார்கள். மறுகரை மெக்சிகோ. பாதிப் பேருக்குப் பல் வேலை. அறுபத்தைந்து வயதில் கிடைக்கும் அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரின் மூலத் திட்டம், சாதாரணப் பல் வைத்தியத்துக்குப் பணம் தராது. பல்செட்டும் சாலையோர மதிய உணவுமாக ஒரு சுற்றுலா!

மார்ச்சில்தான் பள்ளிகளுக்கு வசந்த விடுமுறையும். முதலில் சொன்ன அந்தப் 'பாவ'த்துக்குள் பிள்ளைகள் கைவிட்டார்களோ என்ற கவலையும் ஒளிந்திருந்ததே, அந்தப் பிள்ளைகள் இப்போது குழந்தைகளோடு வந்து இறங்குவார்கள். மேசை கட்டிலாகும். பார்க்கின் நீச்சல் குளம் திடீரென்று சத்தம் போடும். இங்கே ஒரு சட்டம் குறுக்கிடுகிறது. குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கு வீடு மறுப்பது அமெரிக்காவில் பொதுவாகச் சட்டவிரோதம். ஆனால் 1995-இல் வந்த சட்டத்தின்படி, குடியிருக்கும் வீடுகளில் நூற்றுக்கு எண்பதிலாவது 55 வயதுக்காரர் ஒருவர் இருந்தால், அந்த இடம் தன்னை மூத்தோருக்கானது என்று வைத்துக்கொள்ளலாம். பேரப்பிள்ளைகள் விருந்தாளிகளாக வரலாம். எத்தனை நாள் என்பது பார்க்குக்குப் பார்க் மாறும். சொந்தப் பேரனுக்கு நாள் கணக்கா என்று நமக்குச் சுருக்கென்றுதான் இருக்கும். எனக்கும் இருந்தது. ஆனால் ஐந்தாம் நாள் மாலை பாட்டியின் முகத்தைப் பார்த்தவர்கள் அந்த விதியின் அருமையை ஒப்புக்கொள்வார்கள்.

நாள் கணக்கு கனடாக்காரர்களுக்கு இன்னும் கடுமை. அமெரிக்காவில் ஏறக்குறைய ஆறு மாதம்தான் தங்கலாம். போதாததற்குச் சொந்த மாகாணத்தை விட்டு அதிக நாள் வெளியே இருந்தால் இலவச மருத்துவ உரிமை போய்விடும். ஒன்டாரியோவில் ஒரு வருடத்துக்கு 212 நாள் வரை. ஆகவே அவர்களின் காலண்டரில் ஒவ்வொரு நாளும் அடித்திருக்கும். விசா முத்திரையைப் பார்த்துப் பார்த்துத் திரும்பும் டிக்கெட் போடும் நம் அம்மா அப்பாக்களுக்கு இந்தக் கவலை புதிதல்ல.

எண்பது தாண்டி, இழுத்துக்கொண்டு ஓட்ட முடியாமல் போனால்? அதற்குமுன்பே விவரமான மனைவிகள் கொக்கி மாட்டவும் பின்னால் எடுத்து நிறுத்தவும் கற்றுக்கொண்டிருப்பார்கள். 1978-இல் தொடங்கிய 'எஸ்கேப்பீஸ்' என்ற ஆர்.வி. சங்கம், டெக்சஸின் லிவிங்ஸ்டனில் ஓட்டவே முடியாதவர்களுக்கென்று ஒரு வழி செய்தது: வண்டி அங்கேயே நிற்கும், குடியிருப்பதும் அதற்குள்தான், சாப்பாடும் பகல்நேரப் பராமரிப்பும் பக்கத்துக் கட்டடத்தில்.

ஏப்ரல் நடுவில் வெயில் ஏறிவிடும். நம் தம்பதி கிளம்பும் காலை. தொட்டிகளைக் காலி செய்து, குழாய்களைச் சுருட்டி, தீப்பெட்டியை உள்ளே தள்ளி, பூந்தொட்டியை 115-ஆம் மனைக்காரியிடம் கொடுத்தாயிற்று. அந்த அம்மா வண்டிக்குப் பின்னால் நின்று "இடது எரிகிறது, வலது எரிகிறது, பிரேக் எரிகிறது" என்று கத்துகிறார். சத்தம் கேட்டுத் தெருவே இரவுடையில் வெளியே வந்து கையசைக்கிறது. மறுநாள் நடு டெக்சஸைக் கடக்கும்போது சாலையோரம் கொஞ்சம் நீலம் மிச்சம் இருக்கலாம். 1901-லிருந்து மாநில மலராக இருக்கும் புளூபானெட், ஏப்ரலில்தான் உதிரும். இங்கே பார்க்கில் மாலை நான்கு மணி வட்டத்தில் இரண்டு நாற்காலி குறைகிறது. மற்றவர்கள் கொஞ்சம் நெருக்கிப் போட்டுக்கொண்டு, அடுத்து யார் வெள்ளிக்கிழமை கிளம்புகிறார்கள் என்று பேசத் தொடங்குகிறார்கள்.