வாழைக்காய் வறுவல்

வாழைக்காய் வறுவல் என்பது பழுக்காத வாழைக்காயை வில்லைகளாக நறுக்கி, மிளகாய்த்தூள், மஞ்சள்தூள் முதலியவற்றில் புரட்டி, சிறிதளவு எண்ணெயில் வறுத்துச் செய்யப்படும் ஒரு தொடுகறி ஆகும். தமிழ்நாட்டில் சாம்பார், இரசம், தயிர் ஆகியவற்றுடன் உண்ணும் சோற்றுக்குத் துணையாக இது பரிமாறப்படுகின்றது. எண்ணெயில் மூழ்கப் பொரித்தெடுக்கும் வாழைக்காய்ச் சிப்சு இதிலிருந்து வேறுபட்டது.

பெயர்

தமிழ்நாட்டில் பொரியல் என்பது பெரும்பாலும் தாளித்துத் தேங்காய்த் துருவல் சேர்த்த காய்கறியைக் குறிக்கும். யாழ்ப்பாணத்தில் பொரியல் என்றால் எண்ணெயில் பொரித்தது என்றே பொருள். எனவே வாழைக்காய்ப் பொரியல் என்னும் பெயர் இரு இடங்களிலும் ஒரே உணவைக் குறிப்பதில்லை.

ஏற்ற காய்

தமிழ்நாட்டில் கறிக்குப் பெரிதும் பயன்படுவது மொந்தன் வகையாகும். தோல் பச்சையாகவும், அழுத்தினால் கெட்டியாகவும் உள்ள காயே ஏற்றது. காயில் மிகுந்துள்ள மாவுப்பொருள் பழுக்கும்போது சர்க்கரையாக மாறுகின்றது. ஆகவே பழுக்கத் தொடங்கிய காயை வறுத்தால் அது குழைந்து, விரைவில் கருகிவிடும், இனிப்பும் தட்டும்.

கறையும் கறுத்தலும்

வாழைக்காயின் பால் கையில் பிசுபிசுப்பாக ஒட்டும். துணியில் பட்டால் எளிதில் போகாத கறையாகும். நறுக்குமுன் கையில் எண்ணெய் தடவிக்கொள்வது இதனாலேயே. நறுக்கிய காயிலுள்ள பீனால் சேர்மங்கள், காயின் நொதியின் துணையுடன் காற்றிலுள்ள ஆக்சிசனோடு வினைபுரிவதால் துண்டுகள் கறுக்கின்றன. நறுக்கியவுடன் நீரில் இட்டால் காற்றுப் படுவது குறையும். நீரில் சிறிது மோர் கலந்தால் அதன் புளிப்பு நொதியின் செயலை மேலும் மந்தப்படுத்தும்.

தேவையான பொருட்கள்

* வாழைக்காய் - 2
* மிளகாய்த்தூள் - 1½ தேக்கரண்டி
* மஞ்சள்தூள் - ½ தேக்கரண்டி
* அரிசி மாவு - 1 மேசைக்கரண்டி
* பெருங்காயத்தூள் - 2 சிட்டிகை
* எண்ணெய் - 3 மேசைக்கரண்டி
* கறிவேப்பிலை, உப்பு - தேவையான அளவு

செய்முறை

1. காயின் தோலை மெல்லியதாகச் சீவி, சுமார் 5 மில்லிமீட்டர் தடிப்புள்ள வில்லைகளாக நறுக்கி நீரில் இடவும்.
2. வேறு நீரில் உப்பும் பாதி மஞ்சள்தூளும் சேர்த்துக் கொதிக்கவைத்து, வில்லைகளை அதில் 4 அல்லது 5 நிமிடம் அரைவேக்காடாக வேகவிடவும். கத்தி முனை உள்ளே இறங்க வேண்டும், வில்லை உடையக்கூடாது.
3. நீரை வடித்து, ஈரம் போக ஆறவிடவும்.
4. மிளகாய்த்தூள், எஞ்சிய மஞ்சள்தூள், பெருங்காயம், அரிசி மாவு ஆகியவற்றைத் தூவிக் குலுக்கி, 10 நிமிடம் வைக்கவும்.
5. அகன்ற வாணலியில் எண்ணெயைக் காயவைத்து, வில்லைகளை ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, மிதமான தீயில் இருபுறமும் சிவக்க வறுக்கவும். இறுதியில் கறிவேப்பிலை சேர்க்கவும்.

அரைவேக்காட்டின் தேவை

வாழைக்காயின் மாவுப்பொருள் மென்மையாக வேக, சூடும் நீரும் போதிய நேரமும் வேண்டும். மிளகாய்த்தூளோ சூடான எண்ணெயில் மிக விரைவாகக் கருகும். பச்சைக் காயை நேரடியாக வறுத்தால், உட்பகுதி வேகுமுன் மேற்பூச்சு கருகிக் கசந்துவிடும். முன்னதாக வேகவைப்பதால், வாணலியில் மேற்பகுதியை மொறுமொறுப்பாக்கும் வேலை மட்டுமே எஞ்சுகின்றது. அரிசி மாவு மேற்பரப்பின் ஈரத்தை உறிஞ்சி இதற்கு உதவுகின்றது. அடிக்கடி கிளறினால் பூச்சு உதிர்ந்துவிடும்.

வேறுபாடுகள்

மிளகாய்த்தூளுக்குப் பதிலாக மிளகும் சீரகமும் பொடித்துச் சேர்ப்பதுண்டு. திவசச் சமையலில் வாழைக்காய்க்கு இடமுண்டு. அன்று மிளகாயைத் தவிர்த்து மிளகையே பயன்படுத்தும் வழக்கம் பல குடும்பங்களில் உள்ளது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துக்கு உரியது. போர்த்துக்கேயர் வருகைக்குப் பின்னரே இந்தியாவில் பரவியது. அதற்கு முன்னர் இப்பகுதிச் சமையலில் காரத்துக்கு முதன்மையாகப் பயன்பட்டது மிளகே ஆகும்.