பேறுகாலமும் மனச்சோர்வும்

சோளக்காட்டுச் சந்தைக்கு மிளகும் காப்பியும் கொணரும் அங்கத்தினர்கள், பிள்ளை பெற்ற வீட்டில் மருந்துக்கும் பத்தியத்துக்கும் குறை வைப்பதில்லை. தாயின் மனநிலையை விசாரிக்கத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

வேலூர்க் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியினர் தமிழ்நாட்டுக் கிராமப் பகுதியொன்றில் நிறைமாதக் கர்ப்பிணிகளைக் கண்டு, பேற்றுக்குப்பின் 6 முதல் 12 வாரத்துக்குள் மீண்டும் ஆராய்ந்தனர். 2002-இல் வெளியான முடிவின்படி 100 தாய்மாரில் 11 பேருக்கு மனச்சோர்வு புதிதாகக் கண்டிருந்தது. குறைந்த வருவாய், மாமியாரோடும் பெற்றோரோடும் பிணக்கு, கர்ப்பகாலத் துன்பங்கள், கைவேலைக்கு ஆளின்மை ஆகியவற்றோடு, ஆண்மகவை விரும்பிய வீட்டில் பெண் பிறந்ததும் ஒரு காரணமாயிருந்தது. ஆணா பெண்ணா என்பதைத் தகப்பனின் விந்தணுவே நிர்ணயிக்கிறது, ஏச்சோ தாய்க்கு!

தலைப்பிரசவத்தைத் தாய்வீட்டில் வைத்துக்கொள்வது நல்ல வழக்கமே. ஓய்வும் உதவியும் கிட்டும். ஆனால் கணவன் அங்கே விருந்தாளியாகிவிடுகிறான். உழவுக்கென்று பெற்ற சங்கக் கடன் வளைகாப்புச் செலவில் கரைவதை நாம் அறியாதவரல்லோம். அக்கவலையை அவன் யாரிடம் சொல்வான்?

இரண்டு வாரத்துக்கு மேலும் அழுகை, உறக்கமின்மை, குழந்தையிடம் பற்றின்மை நீடித்தால், தோஷமென்று கயிறு கட்டி இராமல் ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியரிடம் கூறுக. தன்னையோ குழந்தையையோ மாய்க்கும் எண்ணத்தைத் தாய் வெளியிட்டால் தனியே விடலாகாது; அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லவேண்டும். 2022-இல் அரசு தொடங்கிய 14416 என்ற தொலைபேசி எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம், கணவரும் பேசலாம்.