துணைவலி: அமெரிக்கத் தேர்தலில் இரண்டாவது பெயர்

ஒரு வினையிலே இறங்குமுன் அரசன் எவ்வெவற்றைச் சீர்தூக்கிப் பார்த்தல் வேண்டும் என்பதை வள்ளுவர் ‘வலியறிதல்’ அதிகாரத்திலே வகுத்துக் கூறுகின்றார். அவர் எண்ணிய வலிமைகளுள் துணைவலியும் ஒன்று. 2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலே ஒரு நாள் இவ்வதிகாரத்தை வகுப்பிலே விளக்கிக்கொண்டிருந்தேன். அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலிலே நின்ற கமலா ஹரிஸ், மினசோட்டா மாநில ஆளுநர் டிம் வோல்சைத் தமது துணை வேட்பாளராகத் தெரிந்தெடுத்த செய்தி அப்பொழுதுதான் வெளிவந்திருந்தது. கடைசி வாங்கிலே இருந்த மாணவி ஒருத்தி எழுந்தாள். “சேர், இப்படி ஒருவரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டால் உண்மையிலேயே வாக்குக் கூடுமா?” என்று கேட்டாள்.

“ஆம், கூடும், அதற்காகத்தானே சேர்த்துக்கொள்கின்றார்கள்” என்று சொல்லிவிட்டு அடுத்த குறளுக்குச் சென்றேன். சொன்ன விடை சரிதானா என்ற உறுத்தல் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. அந்த உறுத்தலின் பயனாகப் படித்தவற்றையும் எண்ணியவற்றையும் இங்கே தருகின்றேன்.

நம் நாட்டிலே 1982ஆம் ஆண்டு முதலாவது ஜனாதிபதித் தேர்தல் நடைபெற்ற நாள் தொட்டு வேட்பாளர் தனித்தே நிற்கின்றார். உப ஜனாதிபதி என்றொரு பதவி இங்கே இல்லை. பதவிக் காலத்தின் நடுவே ஜனாதிபதியின் ஆசனம் வெறுமையானால் பாராளுமன்றம் தன் உறுப்பினருள் ஒருவரைத் தெரிவு செய்யும். 1993இலும் 2022இலும் அவ்வாறே நடந்தது. அமெரிக்க முறை வேறு. அங்கே ஆதியிலே இரண்டாம் இடம் பெற்றவரே உப ஜனாதிபதியாயினார். 1800ஆம் ஆண்டுத் தேர்தலிலே ஒரே கட்சியினரான தோமஸ் ஜெபர்சனும் ஏரன் பேரும் ஆளுக்கு 73 வாக்குகள் பெற்றுச் சமமாய் நின்றுவிட, பிரதிநிதிகள் சபை முப்பத்தாறு முறை வாக்கெடுத்தே ஜெபர்சனைத் தெரிவு செய்ய நேர்ந்தது. அக்குழப்பத்தின் விளைவாக 1804இல் அரசியலமைப்பின் பன்னிரண்டாவது திருத்தம் வந்தது. இரு பதவிகளுக்கும் தேர்வாளர் வெவ்வேறாக வாக்களிக்கும் முறை ஏற்பட்டது. கட்சிகளோ இருவரையும் ஓர் இணையாக நிறுத்தின. வாக்காளனுக்கு இருவருள் ஒருவரை மட்டும் கொள்ளும் உரிமை இல்லை. கொண்டால் இருவர், தள்ளினால் இருவர்.

முதல் உப ஜனாதிபதியான ஜோன் அடம்ஸ், மனிதன் இதுவரை கண்டுபிடித்த பதவிகளுள் இதைப் போல் அற்பமானது பிறிதில்லை என்னும் கருத்துப்படத் தம் மனைவிக்கு எழுதினார். ஆயினும், அந்த அற்பமான பதவியிலிருந்து ஒன்பது பேர் இடைநடுவிலே ஜனாதிபதி ஆசனத்துக்கு உயர்ந்தனர். எட்டு முறை மரணம் வழிவிட்டது. ஒரு முறை இராஜினாமா வழிவிட்டது. எனவே துணைவரைத் தெரிதல் என்பது இரண்டு கேள்விகளைக் கொண்ட ஒரு செயல். இவர் எனக்கு வாக்குச் சேர்ப்பாரா என்பது முதலாவது; நான் இல்லாவிடத்து இவர் நாட்டை ஆள்வாரா என்பது இரண்டாவது. தேர்தற் காலத்திலே முதலாவது கேள்வியே உரத்துக் கேட்கும்.

டெக்சாஸ் தந்த பாடம்

துணைவர் தேர்தலை வென்று கொடுத்தார் என்பதற்குச் சான்றாக எல்லாரும் காட்டுவது 1960ஆம் ஆண்டை. அவ்வாண்டு ஜூலை மாதம் லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலே கூடிய ஜனநாயகக் கட்சி மாநாட்டில், 43 வயதினரான ஜோன் கென்னடி ஜனாதிபதி வேட்பாளராயினார். வடகிழக்கிலுள்ள மசசூசெற்ஸ் மாநிலத்தவர், செல்வர், கத்தோலிக்கர். தெற்கு மாநிலங்களின் புரட்டஸ்தாந்த வாக்காளர் பலர் அவரை ஐயத்துடனே நோக்கினர். அந்த மாநாட்டிலே அவரை எதிர்த்து நின்று, அவர் பெற்ற 806 வாக்குகளுக்கு எதிராக 409 வாக்குகள் பெற்றவர் டெக்சாஸ் மாநிலத்து லிண்டன் ஜோன்சன். செனட் சபையின் பெரும்பான்மைக் கட்சித் தலைவர். மறுநாள் கென்னடி அவரையே துணைவராக அழைத்தார். தம்பி ரொபட் கென்னடிக்கு இது சிறிதும் பிடிக்கவில்லை. தொழிற்சங்கத் தலைவர் பலரும் முகஞ்சுளித்தனர். கணக்கு ஒன்றே கென்னடியின் கண்முன் நின்றது. டெக்சாஸ் மாநிலத்துக்கு 24 தேர்வாளர் வாக்குகள். 1952இலும் 1956இலும் அம்மாநிலம் குடியரசுக் கட்சியின் ஐசனோவரோடு போயிருந்தது.

ஜோன்சன் புகையிரதமேறித் தெற்கெங்கும் சுற்றினார். நவம்பர் 4ஆந் திகதி, தேர்தலுக்கு நான்கே நாள் இருக்கையில், டலஸ் நகரத்து விடுதியொன்றினுள் நுழைய முயன்ற அவரையும் அவர் மனைவியையும் எதிர்க்கட்சிக் கூட்டமொன்று சூழ்ந்து நின்று ஏளனஞ் செய்து இடித்துத் தள்ளியது. அந்தக் காட்சி தெற்கின் நாகரிக உணர்வைப் புண்படுத்திப் பலரைக் கென்னடியின் பக்கம் திருப்பியது என்பர்.

முடிவு யாவரும் அறிந்ததே. நாடு முழுவதிலும் அளிக்கப்பட்ட ஆறு கோடி எண்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளிலே இருவருக்குமிடையே இருந்த வேறுபாடு ஒன்றேகால் இலட்சத்துக்கும் குறைவு. டெக்சாஸ் ஏறக்குறைய 46,000 வாக்குகளாற் கென்னடியிடம் வந்தது. கென்னடிக்கு 303 தேர்வாளர் வாக்குகள், நிக்சனுக்கு 219, போட்டியிலே நில்லாத ஹரி பேர்டுக்கு 15. வெற்றிக்கு வேண்டியவை 269.

இங்கே நான் ஒரு கடதாசியை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். டெக்சாசின் 24ஐக் கழித்தால் எஞ்சுவன 279. அப்பொழுதும் கென்னடியே வெல்கின்றார்! டெக்சாசோடு வட கரோலினாவின் 14ஐயும் தென் கரோலினாவின் 8ஐயும் கழித்தாற்றான் அவர் 257க்கு இறங்குகின்றார். நிக்சன் 265க்கு ஏறுகின்றார். இருவருக்கும் பெரும்பான்மை இல்லாமற் போகின்றது. ஆகவே ஜோன்சன் வென்று கொடுத்தார் என்று சொல்வதாயின், அவர் தம் சொந்த மாநிலத்தை மட்டுமன்றித் தெற்கின் பிற மாநிலங்களையும் தாங்கிப் பிடித்தார் என்று நாட்டுதல் வேண்டும். அது நடந்திருக்கலாம், ஆனால் அது வரலாறு கூறும் உண்மையன்று, நாம் செய்யும் ஊகம்.

இதற்கு முன்னும் ஒரு கத்தோலிக்கர் நின்றதுண்டு. 1928இல் நியூயோர்க் ஆளுநர் அல் ஸ்மித், ஆர்க்கன்சோ மாநிலத்து ஜோசப் ரொபின்சனைத் தெற்கின் பொருட்டே துணையாகக் கொண்டார். ஆர்க்கன்சோ கிடைத்தது, டெக்சாஸ் கைநழுவியது, தேர்தலும் தோற்றது.

அதே மாநிலம், மறு முடிவு

1988இல் ஜனநாயகக் கட்சியின் மைக்கல் டுகாக்கிஸ் 1960ஆம் ஆண்டின் ஏட்டைப் பார்த்தே எழுத முற்பட்டார். அவரும் மசசூசெற்ஸ் மாநிலத்தவர். அவரும் டெக்சாஸ் செனட்டர் ஒருவரைத் துணையாகக் கொண்டார். அவர் லொயிட் பென்ற்சன். எதிரே நின்ற ஜோர்ஜ் புஷ், இந்தியானா மாநிலத்து இளம் செனட்டர் டான் குவேலைத் தெரிந்தெடுத்திருந்தார். அனுபவம் போதாதவர் என்று குவேலை நாடே பேசியது. இரு துணைவரும் ஒக்டோபர் மாதத்திலே விவாத மேடையில் சந்தித்தபோது, குவேல் தம் காங்கிரஸ் அனுபவத்தைக் கென்னடியினுடையதோடு ஒப்பிட்டார். பென்ற்சன் உடனே, தாம் கென்னடியை நேரில் அறிந்தவர் என்றும், குவேல் கென்னடி அல்லர் என்றும் சொல்லி அடக்கிவிட்டார். இன்றளவும் அமெரிக்கர் அவ்விடையை நினைவு கூருகின்றனர்.

மேடையிலே வென்றவர் பென்ற்சன்; களத்திலே வென்றவர் புஷ். நாற்பது மாநிலங்களும் 426 தேர்வாளர் வாக்குகளும் புஷ்சுக்குக் கிடைத்தன. டெக்சாசும் புஷ்சிடமே போயிற்று. அவரும் அம்மாநிலத்திற் குடியிருந்தவரே. இதிலே வியப்பொன்று உண்டு. ஜோன்சனுக்காக முன்னர் இயற்றப்பட்ட மாநிலச் சட்டத்தின்படி, உப ஜனாதிபதிப் பதவிக்கும் செனட் ஆசனத்துக்கும் ஒரே நாளிலே போட்டியிடப் பென்ற்சனால் முடிந்தது. டெக்சாஸ் மக்கள் அவரைப் பெரும்பான்மையால் மீண்டும் செனட்டராக்கினர். அதே நாளில், அதே கையால், அவர் துணைநின்ற டுகாக்கிசை நிராகரித்தனர். துணைவர்மேல் வைத்த அன்பு தலைவருக்குத் தானே போய்ச் சேர்வதில்லை என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமோ?

அமெரிக்க அரசியல் அறிஞர்களான கிறிஸ்தோபர் டிவைன், கைல் கொப்கோ என்னும் இருவர் இப்பொருளை நெடுங்காலம் ஆராய்ந்து நூல்கள் எழுதியுள்ளனர். துணைவர் தம் சொந்த மாநிலத்தை வென்று கொடுப்பார் என்பது பெரும்பாலும் ஒரு நம்பிக்கையே என்பதும், துணைவரைப் பார்த்து வாக்காளன் தலைவரைப் பற்றியே தீர்மானம் செய்கின்றான் என்பதும் அவர்கள் முடிபு. துணைவர் ஒரு கண்ணாடி. அதிலே தெரிவது தெரிந்தெடுத்தவரின் முகம்.

கண்ணாடியில் முகம்

அந்தக் கண்ணாடி உடைந்த ஆண்டு 1972. ஜோர்ஜ் மக்கவர்ன், மாநாட்டின் இறுதி நேர அவசரத்திலே மிசூரி செனட்டர் தோமஸ் ஈகிள்டனைத் தெரிந்தெடுத்தார். சில நாட்களுள், ஈகிள்டன் மனச்சோர்வு நோய்க்காக மூன்று முறை மருத்துவமனையிலிருந்து மின் அதிர்ச்சிச் சிகிச்சையும் பெற்றவர் என்ற செய்தி வெளிப்பட்டது. தாம் அவரை ஆயிரம் சதவீதம் ஆதரிப்பதாக மக்கவர்ன் உறுதி கூறினார். கூறிய சில நாட்களிலேயே அவரை விலகச் செய்தார். தெரிவுக்கும் விலகலுக்கும் இடையே பதினெட்டே நாட்கள்.

நோயுற்று மீண்டவரை நாடு முற்றாய் வெறுத்தது என்று சொல்ல முடியாது. ஈகிள்டன் அதன் பின்னரும் மிசூரி மக்களால் செனட் சபைக்குத் தெரிவு செய்யப்பட்டார். பழி விழுந்தது மக்கவர்ன் மேலே. ஆராயாமல் ஏற்றார், ஏற்றபின் காத்து நின்றிலர். நவம்பரிலே மசசூசெற்சும் தலைநகர் வொஷிங்டனும் மட்டுமே அவருக்குக் கிடைத்தன. நிக்சன் எவ்வாறேனும் வென்றிருப்பார் எனலாம். ஆனால் நேர்மையையே தம் முதலாகக் கொண்டு நின்ற ஒருவருக்கு அந்த முதலே போயிற்று.

2008இல் ஜோன் மக்கெயினுக்கும் ஏறக்குறைய இந்நிலை நேர்ந்தது. பராக் ஒபாமா அனுபவமற்றவர் என்பதே அவரது பிரசாரத்தின் முதுகெலும்பு. தமது 72ஆவது பிறந்தநாளன்று, அலஸ்கா ஆளுநர் பதவியில் இரண்டு ஆண்டும் நிரம்பாத சாரா பேலினைத் துணைவராக அறிவித்தார். கட்சித் தொண்டர் ஆரவாரித்தனர். ஆனால் அனுபவத்தைப் பற்றி அவர் எழுப்பிய கேள்வி அன்று முதல் அவரையே நோக்கித் திரும்பிற்று.

இனிக் கமலா ஹரிசுக்கு வருவோம். அவர் தாயார் சியாமளா கோபாலன் தமிழ்நாட்டிலே வேர்கொண்ட குடும்பத்தவர். திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரம் அக்குடும்பத்தின் பூர்வீகக் கிராமம். 2020இல் ஜோ பைடன் அவரைத் துணைவராகக் கொண்டபொழுது அக்கிராமத்தார் கோவிலிலே வழிபாடு செய்தனர். ஹரிசின் சொந்த மாநிலமான கலிபோர்னியா எப்படியும் பைடனுக்கே கிடைக்கக்கூடியது. எனவே அது மாநிலக் கணக்கன்று. 77 வயதான வெள்ளையர் ஒருவர், தம் கட்சி இனி எவருடையதாகும் என்பதைக் காட்டிய தெரிவு அது. அவர் வென்றார், ஆனால் அந்த வெற்றியில் எத்துணைப் பங்கு ஹரிசுக்கு உரியது என்பதை அளந்து காட்ட எந்தத் தராசும் இல்லை.

நான்கு ஆண்டின் பின் தெரிந்தெடுக்கும் முறை ஹரிசுக்கே வந்தது. 19 தேர்வாளர் வாக்குகளைக் கொண்ட பென்சில்வேனியாவின் ஆளுநர் ஜொஷ் ஷபிரோவை விட்டு வோல்சைக் கொண்டார். மினசோட்டா கிடைத்தது; பென்சில்வேனியா உட்படக் கடும்போட்டி நிலவிய ஏழு மாநிலங்களும் போயின. டொனல்ட் ட்ரம்ப் 312க்கு 226 என்ற கணக்கிலே வென்றார். ஷபிரோவைக் கொண்டிருந்தால் என்று அங்கே பலர் இன்னமும் பெருமூச்சு விடுகின்றனர். பென்சில்வேனியாவின் 19ஐ மாற்றி எழுதிப் பாருங்கள்: 293, 245. வெற்றி தோல்வி மாறவில்லை.

இரண்டாவது கேள்வி

அவ்வாறாயின் துணைவலி பொய்தானோ? அப்படிச் சொல்லிவிட என் மனம் ஒப்பவில்லை. மீண்டும் ஜோன்சனிடமே போகின்றேன்.

1963ஆம் ஆண்டு நவம்பர் 22ஆந் திகதி, தம்மை முன்னர் இடித்துத் தள்ளிய அதே டலஸ் நகரிலே, கென்னடி சுடப்பட்டு இறந்த சில மணி நேரத்துள், விமானத்தினுள்ளே நின்று ஜோன்சன் பதவிப் பிரமாணம் செய்தார். தெற்கு வெள்ளையரின் மனம் கோணாதிருக்கவென்று சேர்க்கப்பட்ட அந்த மனிதர், 1964ஆம் ஆண்டு ஜூலை 2ஆந் திகதி குடியியல் உரிமைச் சட்டத்திலே கையொப்பமிட்டார்; மறு ஆண்டு கறுப்பின மக்களின் வாக்குரிமையைக் காக்கும் சட்டத்திலும் கையொப்பமிட்டார். 1964ஆம் ஆண்டுத் தேர்தலில் நாடெங்கும் பெருவெற்றி பெற்ற அவர், தென் கரோலினா, ஜோர்ஜியா, லூசியானா, அலபாமா, மிசிசிப்பி என்னும் ஐந்து தென்மாநிலங்களைத் தோற்றார். எதைக் காக்க அவரைக் கொண்டார்களோ அதையே அவர் இழந்தார். எதை அவரிடம் எவரும் எதிர்பார்க்கவில்லையோ அதைச் செய்தார். வியட்னாம் போரை வளர்த்தவரும் அவரே என்பதை மறைத்தல் நீதியாகாது. ஒரு மாநிலத்தின் 24 வாக்குகளுக்காகச் செய்த தெரிவு, இலட்சக்கணக்கானோரின் விடுதலையையும் இலட்சக்கணக்கானோரின் மரணத்தையும் தன்னுள்ளே மறைத்து வைத்திருந்தது. லொஸ் ஏஞ்சலிஸ் விடுதி அறையிலே கணக்குப் பார்த்தவருள் இதைக் கண்டவர் யார்?

அண்மையிலே அந்த மாணவியைப் புத்தகசாலை ஒன்றிலே சந்தித்தேன். பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டாள். “அன்று உனக்கு நான் சொன்ன விடை பிழை, பிள்ளை” என்றேன். அவளுக்குக் கேள்வியே மறந்திருந்தது. நினைவூட்டிவிட்டுச் சொன்னேன்: “துணையினால் வாக்குச் சிறிதே கூடலாம், கூடாமலும் போகலாம். ஆனால் துணையாகக் கொண்டவரே ஒரு நாள் தலைவராகலாம். அந்தக் கணக்கைத்தான் முதலிலே பார்க்க வேண்டும்.”

அவள் சிறிது நேரம் யோசித்தாள். “அப்படியென்றால், சேர், வாக்களிப்பவர்களும் இரண்டாவது பெயரைத்தானே முதலிலே வாசிக்க வேண்டும்?” என்றாள்.

இம்முறை நான் அவசரப்பட்டு விடை கூறவில்லை.