தோட்டாவை வீட்டிலேயே ரீலோட் செய்தால் காசு மிச்சமா?

இந்த எபிசோடு முழுக்க ஒரே கேள்விதான். அறந்தாங்கி பக்கத்திலிருந்து ஒரு நேயர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். அவருடைய மாமாவிடம் லைசென்ஸோடு ஒரு .32 ரிவால்வர் இருக்கிறதாம். "தோட்டா விலையைக் கேட்டாலே தலை சுத்துது. அமெரிக்காவுல வீட்டு ஷெட்லயே சுட்ட தோட்டாவைத் திரும்ப நிரப்பிக்கிறாங்களே, நாமளும் ஒரு மெஷின் வாங்கிப் போட்டா என்ன?" என்று கேட்டிருந்தார்.

பதிலை முதலிலேயே சொல்லிடறேன். வேண்டாம். அந்த மெஷின் வீட்டில் இருந்தாலே கேஸ் ஆகும். ஆனால் கேள்வி நியாயமான கேள்வி. அதனால் சட்டத்துக்குப் போகும் முன்னால் கணக்கைப் பார்ப்போம். ஏன்னா சட்டமே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் இந்தக் கணக்கு தேறாது.

ஒரு தோட்டாவில் நான்கு பாகம். வெளியே பித்தளைக் கூடு. அதன் அடியில் ப்ரைமர், அதாவது ஊசி தட்டியதும் பொறி கிளப்பும் சின்ன மூடி. உள்ளே வெடிமருந்து. முனையில் ஈயக் குண்டு. சுட்டதும் மருந்து எரிந்துவிடும், குண்டு போய்விடும், ப்ரைமர் செத்துவிடும். கூடு மட்டும் அப்படியே கையில் நிற்கும். நான்கில் பொதுவாக விலை அதிகமானதும் அதுதான். அதைத் திரும்பப் பயன்படுத்துவதுதான் ரீலோடிங். கூட்டைப் பழைய அளவுக்கு அழுத்தி, புது ப்ரைமர், மருந்து, குண்டு வைத்து மூட ஒரு பிரஸ் வேண்டும். மருந்தை எடை போட நுணுக்கமான தராசு வேண்டும்.

மென்பொருள்காரன் பாஷையில் சொன்னால் இது செட்டப் செலவுக்கும் ஒவ்வொரு தடவை வரும் மிச்சத்துக்கும் நடக்கும் போட்டி. பேச்சுக்கு எண்களை வைத்துக்கொள்வோம். இவை சந்தை விலை இல்லை, நான் கணக்குக்காக எடுத்தவை. பிரஸ், அச்சுகள், தராசு எல்லாம் சேர்த்து 30,000 ரூபாய். ஒரு தோட்டாவுக்கு மிச்சம் 15 ரூபாய். வகுத்தால் 2,000 தோட்டா. அதுவரை போட்ட காசைத்தான் திரும்ப எடுக்கிறீர்கள். கைப்பிடியை ஒவ்வொன்றாக இழுக்கும் சாதாரண பிரஸ்ஸில் மணிக்கு 80 வரும் என்று வைத்தால் அதற்கு 25 மணி நேர உழைப்பு.

வாரம் 200, 300 சுடுகிற அமெரிக்கருக்கு 2,000 என்பது இரண்டு மாதம். நம்ம மாமாவுக்கு? இந்திய லைசென்ஸில் துப்பாக்கி விவரத்தோடு, ஒரே சமயத்தில் எத்தனை தோட்டா வைத்திருக்கலாம், வருடத்துக்கு எத்தனை வாங்கலாம் என்பதும் எழுதியிருக்கும். வருடத்துக்கு 50 என்று இருந்தால் 2,000 தோட்டாவைத் தொட 40 வருடம். முதல் எங்கே திரும்பும்? மாமாவின் பேரன் வந்து மிச்சத்தை எண்ணணும்.

விலை ஏன் இவ்வளவு என்பதும் இதே இடத்தில் புரியும். .32 ரிவால்வரை முக்கியமாகச் செய்வது கான்பூரில் உள்ள அரசு ஆலை. தோட்டா முக்கியமாக புனே அருகே உள்ள கட்கி ஆலையிலிருந்து வருகிறது. செய்கிறவர்களும் குறைவு, வாங்கும் அளவுக்கும் உச்சவரம்பு. விலை இறங்க வழியே இல்லை.

இப்போ சட்டம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் 'வெடிபொருள், தோட்டா' என்பதற்கான வரையறை பிரிவு 2-ல் இருக்கிறது. அதைப் படித்தபோது எனக்கே ஆச்சரியம். முழுத் தோட்டா மட்டும் அதில் வரவில்லை. தோட்டாவின் பாகங்களும், தோட்டா தயாரிக்கும் இயந்திரங்களும் அதே வரையறைக்குள் வருகின்றன. அதாவது பிரஸ்ஸே சட்டத்தின் கண்ணில் தோட்டா மாதிரிதான். பிரிவு 5-ன்படி தயாரிப்புக்குத் தனி லைசென்ஸ் வேண்டும். மாமாவிடம் இருப்பது வைத்திருக்கும் லைசென்ஸ், தயாரிக்கும் லைசென்ஸ் இல்லை. லைசென்ஸ் இல்லாமல் தயாரித்தால் பிரிவு 25. 2019 திருத்தத்துக்குப் பிறகு அதில் குறைந்தபட்சம் 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். 15 ரூபாய் மிச்சத்துக்கு எதிரே இதை வைத்துப் பாருங்க.

"இது கொஞ்சம் ஓவர் இல்லையா?" என்று சிலர் கேட்கலாம். நம்ம மாவட்டத்துக்காரங்க கேட்க மாட்டாங்க என்று நினைக்கிறேன். 2021 டிசம்பர் 30, நார்த்தாமலை பக்கம் பசுமலைப்பட்டி சுடுதளம். மத்திய தொழிலகப் பாதுகாப்புப் படையினர் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், தளத்துக்கு வெளியே தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுப் பையன் தலையில் குண்டு பாய்ந்தது. 2022 ஜனவரி 3-ஆம் தேதி தஞ்சாவூர் மருத்துவமனையில் இறந்துபோனான். அதற்கும் ரீலோடிங்குக்கும் சம்பந்தமில்லை. ஆனால் சீருடைப் படை, அதற்கென்றே ஒதுக்கிய தளம், இத்தனை இருந்தும் அது நடந்தது. வீட்டுக் கொல்லையில் ஆளாளுக்குத் தோட்டா செய்யலாம் என்று எந்த அரசும் லேசில் விடாது. விடவும் கூடாது என்பது என் கருத்து.

தொழில்நுட்பமாக எனக்குப் பயமாகப்படும் இடம் வேறு. கைத்துப்பாக்கி மருந்து வேகமாக எரியக்கூடியது, கொஞ்சம் போட்டாலே போதும். பல கூடுகளில் பாதிகூட நிறையாது. கவனம் சிதறி அதே கூட்டில் இரண்டாவது தடவையும் மருந்து விழுந்தால் வெளியே வழியாது. மேலே குண்டை வைத்து மூடிவிட்டால் பார்வைக்கு நல்ல தோட்டாதான். சுடும்போது சுழல் அறை வெடிக்கும். இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. மருந்தே விழாமல் போனால் ப்ரைமர் மட்டும் வெடித்து, குண்டைக் குழலுக்குள் கொஞ்ச தூரம் தள்ளி நிறுத்திவிடும். 'டப்' என்று சின்னச் சத்தம். சுட்டவர் புரியாமல் மறுபடி விசையை இழுத்தால் பின்னால் வரும் குண்டுக்கு வழி இல்லை. ஆலையில் ஒவ்வொரு கட்டத்திலும் சோதனை இருக்கும். வீட்டில் சோதிப்பவரும் நீங்களே, தவறு செய்பவரும் நீங்களே. கோடில் பக் வந்தால் ரோல்பேக் பண்ணலாம், இதில் விரல்தான் போகும்.

சரி, தற்காப்புக்கு வைத்திருப்பவரை விடுங்க. விளையாட்டாகச் சுடுகிறவருக்காவது இது பொருந்துமா? இதிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. 25 மீட்டர் பிஸ்டல் ஒலிம்பிக் போட்டிகளில் சுடுவது .22 ரிம்ஃபயர். அதில் தனி ப்ரைமர் கிடையாது, கூட்டின் விளிம்பு மடிப்புக்குள்ளேயே பொறிமருந்து தடவியிருக்கும். ஊசி அந்த விளிம்பை நசுக்கிவிடும். ஒரு தடவை சுட்டால் கதை முடிந்தது, நடைமுறையில் அதை ரீலோட் செய்ய முடியாது. ரீலோட் செய்யக்கூடிய பெரிய கூடு வருவது சென்டர் ஃபயர் பிஸ்டல் போட்டியில். அது உலகப் போட்டிகளில் உண்டு, ஒலிம்பிக்கில் இல்லை. ஆக, ரீலோடிங் கைத்துப்பாக்கி வீரர்களுக்கு எங்கே உதவும் என்று தேடினால் அந்த ஒரு சின்ன மூலைதான் கிடைக்கிறது.

புதுக்கோட்டையில் இதைப் பேசிவிட்டு ஷாட்கன்னைத் தொடாமல் போக முடியாது. புதுக்கோட்டை அரச குடும்பத்து பிரித்விராஜ் தொண்டைமான் சுடுவது டிராப், அதாவது பறக்கும் களிமண் தட்டைச் சுடும் போட்டி. ஹாங்சோ ஆசிய விளையாட்டில் கைனன் செனாய், ஜோராவர் சிங் சந்துவோடு சேர்ந்து 361 புள்ளிகளோடு அணித் தங்கம் வாங்கியவர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் சுட்டார்.

தோட்டா செலவு உண்மையிலேயே கழுத்தை நெரிப்பது இந்த விளையாட்டில்தான். தகுதிச் சுற்றில் 125 தட்டு, ஒரு தட்டுக்கு இரண்டு தடவை வரை சுடலாம். ஒரு 12 போர் தோட்டாவில் ஏறக்குறைய 24 கிராம் ஈயச் சில்லு. பயிற்சியில் நாளைக்கு 100 தோட்டா, வருடத்துக்கு 200 நாள் என்று வைத்தால் 20,000 தோட்டா. ஈயம் மட்டும் 480 கிலோ! இந்த எண்ணைப் பார்த்ததும் "இங்கேதான் ரீலோடிங் கைகொடுக்கும்" என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் இந்தத் தோட்டாவின் கூடு மலிவான பிளாஸ்டிக். அதைக் காப்பாற்றி என்ன லாபம்? செலவு ஈயத்திலும் மருந்திலும் இருக்கிறது, ஆலை அதை டன் கணக்கில் வாங்குகிறது, நாம் மூட்டைக் கணக்கில். ரீலோடிங் முழுக்க அனுமதியுள்ள அமெரிக்காவிலேயே சாதாரண 12 போர் பயிற்சித் தோட்டாவுக்கு இது பெரிதாகக் கட்டாது என்று சொல்பவர்கள்தான் அதிகம். 28 போர், .410 மாதிரி கடையில் விலை ஏறிய சின்ன அளவுகளுக்குத்தான் செய்கிறார்கள்.

அப்போ இங்கே செலவு எப்படிக் குறைகிறது? மெஷினால் இல்லை, அந்தஸ்தால். தேசிய அளவில் தகுதி பெற்ற வீரருக்கு லைசென்ஸ் எண்ணிக்கையில் தளர்வு உண்டு, இறக்குமதியில் சலுகை உண்டு, இந்திய தேசிய ரைஃபிள் சங்கம் வழியாகத் தோட்டா கிடைக்கும். அந்த நிலைக்கு வர முதலில் ஆயிரக்கணக்கில் சுட வேண்டும், அதை யார் காசில் சுடுவது? இதுதான் எனக்கு உறுத்தும் விஷயம். குடும்பத்தில் துப்பாக்கியும் இடமும் இருப்பவருக்கும், ஆலங்குடியில் ஒரு டெய்லர் வீட்டுப் பிள்ளைக்கும் நடுவே நிற்கும் சுவர் அந்த முதல் சில ஆயிரம் தோட்டாதான். சங்கத்தில் உறுப்பினரானால் சங்கத் துப்பாக்கியில், சங்கத் தோட்டாவில், பயிற்சியாளர் பக்கத்தில் நிற்கச் சுடலாம். நம்ம மாவட்டத்தில் ராயல் புதுக்கோட்டை ஸ்போர்ட்ஸ் கிளப் இருக்கிறது. உறுப்பினர் கட்டணம் என்ன, தோட்டாவுக்குத் தனிக் காசா என்று நேரில் போய்க் கேட்டுவிட்டு முடிவு பண்ணுங்க.

கைத்துப்பாக்கிதான் ஆசை என்றால் இன்னும் மலிவான வழி 10 மீட்டர் ஏர் பிஸ்டல். பாரிஸில் மனு பாக்கர் தனியாகவும், சரப்ஜோத் சிங்கோடு சேர்ந்தும் வெண்கலம் வாங்கியது இதில்தான். மருந்து கிடையாது, கூடு கிடையாது, நிரப்ப ஒன்றுமே கிடையாது. 2016 ஆயுத விதிகளின்படி .177 அளவுக்கு மேல் போகாமல், குழல்முனை ஆற்றல் 20 ஜூலைத் தாண்டாமல் இருந்தால் லைசென்ஸ் வேண்டாம். கடைக்காரர் "எல்லாம் சரியா இருக்கு சார்" என்று வாயால் சொன்னால் போதாது, ஆற்றல் எவ்வளவு என்று பில்லோடு எழுதி வாங்குங்க. மொட்டைமாடியில் பழகினால் பின்னால் சில்லைப் பிடிக்கும் இரும்புப் பெட்டி கட்டாயம், பக்கத்து மாடி பார்வையில் படவே கூடாது. சில்லும் ஈயம்தான். முடித்ததும் சோப்பு போட்டுக் கையைக் கழுவிவிட்டுச் சாப்பிட உட்காருங்க.