மலையக லயங்களில் நேரலைத் தொலைக்காட்சி: விலையும் காட்சித் தெளிவும்

தொலைவில் நிகழ்வதனை அது நிகழும் பொழுதிலேயே வீட்டிலிருந்து காண்டல் தொலைக்காட்சியின் முதற்பயன் ஆகும். அக்காட்சி நம் வீட்டை வந்தடையும் வழி ஒருகாலத்தில் ஒன்றாகவே இருந்தது. இன்று அது நான்காகப் பிரிந்து நிற்கின்றது. மலையுச்சிக் கோபுரத்திலிருந்து வரும் வானலை ஒன்று, செய்மதி ஒன்று, தொலைபேசிக் கம்பி ஒன்று, கைத்தொலைபேசியிலும் கணினியிலும் வந்திறங்கும் இணையவழி நேரலை ஒன்று. இவற்றுள் எது மலிவானது, எது தெளிவானது என்னும் வினா நகரத்தார்க்கு வசதியைப் பற்றியது. ஹற்றன், நுவரெலியாப் பகுதிகளின் தோட்ட லயங்களில் வாழ்வோர்க்கோ அது நாட்கூலியைப் பற்றியது. விளம்பரத்திற் காணும் மாதச் சந்தாவை மாத்திரம் ஒப்புநோக்குவோர் உண்மை விலையை அறியார் என்பதே இக்கட்டுரையாளனின் துணிபு. அதனை நிறுவுதற்கு இந்நான்கு வழிகளும் எவ்வாறு தொழிற்படுகின்றன என்பதனை முதற்கண் விளங்கிக்கொள்ளல் வேண்டும்.

இலங்கையில் தொலைக்காட்சி 1979 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்திற் சுயாதீனத் தொலைக்காட்சியோடு தொடங்கிற்று. யப்பானிய அரசின் நன்கொடையால் அமைந்த ரூபவாஹினி 1982 ஆம் ஆண்டு பெப்ரவரி 15 ஆம் நாள் ஒளிபரப்பை ஆரம்பித்தது. அதன் முதன்மை ஒலி ஒளி பரப்பு நிலையம் நாட்டின் மிகவுயர்ந்த சிகரமாகிய, 2,524 மீற்றர் உயரமுள்ள பீதுருதாலகாலையில் நிறுவப்பட்டது. நாட்டின் பெரும்பகுதிக்குக் காட்சியை அனுப்பும் கோபுரம் தேயிலை மலைகளின் நடுவே நிற்கின்றது. ஆயினும் அதன் அடிவாரத்தை அடுத்த பள்ளத்தாக்குகளிற் பலவற்றுக்கு அதன் அலை செவ்வையாய்ச் சென்றதில்லை. தொலைக்காட்சிக்குரிய வானலை பெரும்பாலும் ஒளியைப் போல நேர்கோட்டிற் செல்வது. இடையே ஒரு மலை குறுக்கிட்டால் மறுபுறம் நிழல் விழும். வேறொரு மலைச்சரிவிற் பட்டுத் தெறித்து வரும் அலையோ சற்றுக் காலந்தாழ்த்தி வந்து, ஓர் உருவத்தின் அருகே மற்றோர் உருவத்தைப் பேய்போற் காட்டும். பொகவந்தலாவையிலும் மஸ்கெலியாவிலும் அலுமினியக் குழாய் அன்ரெனாவை லயத்துக் கூரையில் நாட்டாது மேட்டுநிலத்தில் நாட்டி, அங்கிருந்து நெடுந்தூரம் கம்பி இழுத்தமைக்குக் காரணம் இதுவே. இவ்வழியில் மாதக் கட்டணம் என ஒன்றில்லை. ஆனாற் காட்சி தெளிவன்று. தமிழுக்கு ஒதுக்கப்பட்ட நேரமும் தொடக்க ஆண்டுகளிற் சிறிதே. சக்தி தொலைக்காட்சி தோன்றிய 1998 ஆம் ஆண்டு வரை தமிழ் மக்கள் தமக்கென முழுநேர அலைவரிசை ஒன்றை இந்நாட்டிற் பெற்றிருந்தாரல்லர்.

இக்குறைகள் இரண்டனையும் ஒருங்கே நீக்கியது செய்மதித் தட்டு. மக்கள் வழக்கில் அது ‘டிஷ்’. நிலையான செய்மதிகள் பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 35,786 கிலோமீற்றர் உயரத்தில் நிற்பன. இலங்கை அந்த ரேகைக்கு மிக அண்மையிலுள்ளமையால் அவை நமக்கு வானத்தின் உயரத்திலே தோன்றும். இந்தியத் தமிழ் அலைவரிசைகளைத் தாங்கிவரும் செய்மதியொன்று கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் உள்ளது. நுவரெலியாவிலிருந்து கணக்கிட்டால் அது அடிவானிலிருந்து ஏறத்தாழ 73 பாகை உயரத்தில் நிற்கும்; அஃதாவது உச்சிக்குச் சற்றுச் சரிவாக. அதனாலேயே எத்துணை ஆழமான பள்ளத்தாக்கிலும் மலை அதனை மறைப்பதில்லை. இலண்டன் போன்ற வடபால் நகரொன்றில் செய்மதி தாழ்வாகத் தோன்றும்; அங்கு எதிர்வீட்டுக் கூரையே தடையாகிவிடும். புவியியல் நம் மலைநாட்டுக்குச் செய்த உதவிகளுள் இதுவும் ஒன்று எனலாம்.

மழையே இதன் பகை. வீட்டுத் தட்டுகளுக்கு வரும் அலையின் நீளம் ஏறத்தாழ இரண்டரைச் சதமமீற்றர். பெருமழையின் துளிகள் அவ்வலையின் ஆற்றலைக் குடித்துவிடும். தென்மேற்குப் பருவக்காற்று வீசுங்காலத்தில் வட்டவளை, மஸ்கெலியா முதலிய இடங்களிற் காட்சி கட்டங்கட்டமாய் உடைந்து பின் முற்றாக மறைதல் யாவரும் அறிந்ததே. பழைய வானலைக் காட்சி மங்கினும் குரலாவது கேட்கும். எண்முறைக் காட்சியிலோ உண்டு அல்லது இல்லை என்னும் இருநிலையே. மழை ஓய்ந்தால் அது தானே மீளும். அதற்கெனத் தனிச் செலவுமில்லை.

விலையை நோக்கின் இங்கு இருவகைத் தட்டுகளைப் பிரித்தறிதல் வேண்டும். டயலொக் நிறுவனத்தின் செய்மதித் தொலைக்காட்சி இந்நாட்டு உரிமம் பெற்றது. கட்டணம் உயர்ந்தாலும் சேவை நின்றாலும் கேட்பதற்கு ஒரு கருமபீடமுண்டு. முறையிடுவதற்குத் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவும் உண்டு. மற்றையது இந்தியப் பெட்டி. இந்திய முகவரியொன்றின் பேரிற் பதிவாகி, இங்குள்ள கடைக்காரர் வழியாக ரீசார்ஜ் செய்யப்படுவது அது. சென்னை அலைவரிசைகள் அனைத்தும் அதில் வரும் என்பதே அதன் கவர்ச்சி. ஆனால் இந்நாட்டுச் சந்தாதாரர் என எவரும் அதன் ஏட்டில் இல்லை. ஒருநாள் காட்சி நின்றுவிட்டால் வழக்காடுவதற்கு ஆளும் இல்லை. நாணய மாற்றின் இடரும் அதனோடு சேர்ந்தது. 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இந்திய ரூபா ஒன்றுக்கு நம் ரூபா ஏறத்தாழ 2.70 ஆக இருந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் அது 4.60 அளவை எட்டிற்று. இந்தியாவில் ஒரு சதமும் ஏறாத சந்தா, ஹற்றன் கடைத்தெருவில் ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறிய விந்தை இதுவே. உள்நாட்டுச் சேவைகளும் வாளாவிருக்கவில்லை. அதே ஆண்டு செப்ரெம்பர் மாதத்திற் கைத்தொலைபேசி, இணையச் சேவைக் கட்டணங்கள் நூற்றுக்கு 20 வீதமும் கட்டணத் தொலைக்காட்சி நூற்றுக்கு 25 வீதமும் உயர அனுமதி வழங்கப்பட்டது.

தொலைபேசிக் கம்பி வழியைப் பற்றி மிகுதியும் கூறவேண்டுவதில்லை. ஸ்ரீ லங்கா ரெலிகொம் நிறுவனத்தின் பியோ ரிவி அவ்வகையது. மழைக்கு அஞ்சாத தெளிவான காட்சி. ஆனாற் கம்பியோ கண்ணாடியிழையோ செல்லும் வீட்டுக்கே அது உரியது. நகரை அண்டிய வீடுகளுக்கு இது பொருந்தும்; மலைமேல் இருக்கும் லயத்துக் காம்பராவிற்குப் பெரும்பாலும் எட்டாது.

இனி இணையவழி நேரலை. இதன் இயல்பைப் பலர் பிறழ உணர்ந்துள்ளனர். வானலையும் செய்மதியும் மழைபோன்றவை. ஒருமுறை பெய்தால் நூறு வீட்டாரும் நனைவர், நூற்றோராவது வீட்டுக்கெனத் தனிச்செலவில்லை. இணைய நேரலை குழாய்நீர் போன்றது. காண்பார் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அளந்து ஊற்றப்படும். ஊற்றிய அளவுக்கு ஒவ்வொருவரும் டேட்டாவாகப் பணம் செலுத்துவர். ஒரே லயத்தில் பத்துக் குடும்பத்தார் ஒரே துடுப்பாட்டப் போட்டியைக் கண்டாலும் அக்காட்சி பத்து முறை அனுப்பப்படுகின்றது. அவ்வூர்க் கோபுரத்தின் கொள்ளளவு அவர்களுக்கிடையே பங்கிடப்படுவதால் இரவு எட்டு மணிக்கு எல்லோர் காட்சியும் ஒருங்கே தளரும்.

அனுப்பும் முறையும் அறியத்தக்கது. நேரலையைச் சில வினாடிகள் நீளமுள்ள சிறு துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் பல தரங்களில் ஆயத்தஞ்செய்து வைப்பர். தொலைபேசியானது தனக்குக் கிடைக்கும் வேகத்தை அளந்து, அதற்கு ஏற்ற தரத்துண்டைக் கேட்டுப் பெறும். வேகம் குறைந்தால் அடுத்த துண்டு தாழ்ந்த தரத்தில் வரும். ஆகவே ‘எச்.டி.’ என்று விளம்பரத்தில் எழுதப்பட்டிருப்பது வரக்கூடிய உச்சத்தரமே. வந்துசேரும் தரம் அன்று. டயலொக்கின் வியூவும் பியோ ரிவியின் கைத்தொலைபேசிச் செயலியும் யூடியூபில் ஒளிபரப்பாளர் தாமே இலவசமாய் இடும் நேரலையும் இவ்விதிக்கு உட்பட்டனவே. இலவசம் எனப்படுவதும் டேட்டாவைப் பொறுத்தவரை இலவசமன்று.

கணக்கைப் பார்ப்போம். வினாடிக்கு ஒரு மெகாபிற் வேகத்தில் வரும் காட்சி மணிக்கு 450 மெகாபைற் டேட்டாவை உண்ணும். 480 வரிக் காட்சி ஓரளவு நன்றாயிருப்பதற்கு அவ்வேகம் போதும். 720 வரிக் காட்சிக்கு மூன்று மெகாபிற், மணிக்கு 1.35 ஜிகாபைற். 1080 வரிக்கு ஐந்து, மணிக்கு 2.25 ஜிகாபைற். மாலையில் மூன்று அரைமணித் தொடர்நாடகங்களை வாரத்தில் ஆறு நாள் காணும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மாதம் ஏறத்தாழ 39 மணி. முதல் தரத்தில் 17.5 ஜிகாபைற், இரண்டாவதில் 52.5, மூன்றாவதில் 88 அளவு. சந்தா ஒன்றே, ஆயினும் டேட்டாச் செலவு ஐந்து மடங்கு வேறுபடுகின்றது! இருபது ஓவர்ப் போட்டியொன்று மூன்றரை மணியெனக் கொண்டால் 720 வரியில் ஏறத்தாழ 4.7 ஜிகாபைற் செலவாகும். கடையில் ரீலோட் செய்யுமுன் தம் பொதியின் ஜிகாபைற் எண்ணை 0.45 ஆலும் 1.35 ஆலும் 2.25 ஆலும் வகுத்துப் பார்ப்பவர், எத்தனை மணி நேரக் காட்சி தமக்குக் கிடைக்கும் என்பதனைத் தாமே அறிவர். குறிப்பிட்ட ஒரு செயலிக்கென்றே விற்கப்படும் பொதிகள் மலிவாகத் தோன்றும்; அச்செயலிக்கு வெளியே அந்த டேட்டா பயன்படாது என்பதனையும் நினைவிற் கொள்ளல் நன்று.

வரிகளின் எண்ணிக்கையே தெளிவு என்று கொள்வதும் பிழை. நம் பழைய தொலைக்காட்சி முறையில் மொத்த வரிகள் 625. கண்ணுக்குத் தோன்றியவை 576. அப்படியாயின் 720 வரி நேரலை எப்போதும் அதனை வெல்ல வேண்டுமன்றோ? வெல்வதில்லை. ஒவ்வொரு வினாடியும் வந்துசேரும் தரவின் அளவே தெளிவைத் தீர்மானிப்பது. அசையாது அமர்ந்து செய்தி வாசிப்பவரைக் காட்டக் குறைந்த தரவே போதும். முகம் மாத்திரமே மாறுகின்றது. ஓடும் பந்தும் ஆடும் நடனமும் அசையும் கூட்டமும் ஒவ்வொரு கணமும் புதிய படத்தை வேண்டுவன. தரவு போதாவிடத்துப் புல்வெளி பச்சைக் களிமண்ணாய்க் குழையும். திரையின் அளவையும் கருதல் வேண்டும். ஆறு அங்குலத் தொலைபேசியில் 480 வரிக்கும் 1080 வரிக்குமுள்ள வேறுபாட்டைக் காண்போர் சிலரே. அத்திரையிற் காண்போர் தரத்தைத் தாமே 480 இல் நிறுத்திவைத்தால் டேட்டாவின் பெரும்பகுதி மிஞ்சும். 32 அங்குலத் தொலைக்காட்சியிலோ அக்குறை வெளிப்படும்.

நேரலை என்னும் சொல்லும் ஆராயத்தக்கது. துண்டுகளாக்கிச் சேமித்து அனுப்புவதால் இணைய நேரலை பெரும்பாலும் அரை நிமிடமளவு பிந்தியே வரும். செய்மதியில் அலை விண்ணுக்குச் சென்று மீளக் கால் வினாடியே ஆகும். ஏனைய ஆயத்தங்களுக்குச் சில வினாடிகள். ஆகையால் அடுத்த காம்பராவில் டிஷ் வைத்திருப்பவர் வீட்டு ஆரவாரம், பந்து வீசப்படுமுன்னரே நம் செவிக்கு எட்டிவிடும். சிறிய குறையே, ஆனால் ஆட்டத்தின் சுவையைக் கெடுத்துவிடும்.

இணைய நேரலை என்றும் மலிவாகவே இருக்கும் எனக் கருதுவார் உளர். அமெரிக்க நாட்டு அனுபவம் அதற்கு மாறானது. அங்கு யூடியூப் ரிவி என்னும் நேரலைச் சேவை 2017 ஆம் ஆண்டு மாதம் 35 டொலருக்குத் தொடங்கிற்று. 2020 இல் அது 64.99 டொலர், 2025 இல் 82.99 டொலர். கம்பித் தொலைக்காட்சியின் விலைச்சுமைக்கு அஞ்சி ஓடியவர்கள் எட்டாண்டில் அதே சுமையின் அருகே வந்து நின்றனர். காரணம் வெளிப்படை, ஒளிபரப்புரிமையின் விலை, வழி மாறுவதனால் மாறுவதில்லை.

தோட்டத்து மக்கள் ஒருநாள் வேலையை ‘ஒரு பேர்’ என்பர். நிறை குறைந்தால் ‘அரைப் பேர்’. விலைகளை ரூபாவில் அன்றி இப்பேரில் அளப்பதே அவர்க்குப் பொருந்தும். நாட்கூலி 2021 ஆம் ஆண்டில் 1,000 ரூபாவாகவும் 2024 ஆம் ஆண்டு செப்ரெம்பரில் 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. 2025 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் ஸ்டார்லிங்க் என்னும் செய்மதி இணையம் இலங்கைக்கு வந்தது. எந்த மலைமூலையிலும் 1080 வரிக் காட்சியைத் தடையின்றித் தரவல்லது. தொடக்கத்தில் அதன் வழமையான மாதக் கட்டணம் 15,000 ரூபா அளவு. முற்கூறிய 1,350 ரூபாக் கூலியில் அது பதினொரு பேர். கருவியின் விலை வேறு. மாதத்தில் இருபது நாள் வேலை கிடைக்குமோ என்று ஐயுறும் ஒருவருக்கு இதனைத் தெளிவான காட்சி என்று பரிந்துரைப்பது பரிகாசமாகவே முடியும்.

ஆதலின் இக்கட்டுரையாளன் கருத்து இது: குடும்பமாக அமர்ந்து நாடோறும் காண்போர்க்கு உரிமம் பெற்ற செய்மதித் தட்டே மலிவு, எத்தனை மணி பார்த்தாலும் எத்தனை பேர் பார்த்தாலும் அதன் விலை மாறாது. இணைய நேரலை தனியொருவர் இடையிடையே ஒரு செய்தியையோ ஒரு போட்டியையோ பார்ப்பதற்கு ஏற்றது. 2020 ஆம் ஆண்டு பாடசாலைகள் மூடப்பட்டிருந்தபோது இவ்வேறுபாடு கல்வியிலும் வெளிப்பட்டது. அரசு தொலைக்காட்சியில் ஒளிபரப்பிய பாடத்தை டேட்டா வாங்க இயலாத வீட்டுப் பிள்ளையும் காணமுடிந்தது. இணைய வகுப்பிலோ ரீலோட் தீர்ந்த கணத்தில் ஆசிரியரின் குரலும் நின்றுவிடும்.

பொதுவானலையை எண்முறைக்கு மாற்ற இலங்கை 2014 ஆம் ஆண்டில் யப்பானிய முறையைத் தெரிவுசெய்தது. அதன்பின் அம்முயற்சி பல்லாண்டு இழுபட்டது. மலைநாட்டுக்கு அது பெரிதும் உகந்தது. மலைச்சரிவில் தெறித்து வரும் அலையை அம்முறை பொறுத்துக்கொள்ளும், பேயுருவம் தோன்றாது. ஓர் அலைவரிசையின் இடத்திற் பல நிகழ்ச்சிகளை அனுப்பலாம்; அவற்றுள் ஒன்றைத் தமிழ்ப் பாடங்களுக்கே ஒதுக்கலாம். அதற்குரிய வாங்கி பொருத்திய கைத்தொலைபேசி டேட்டா இன்றியே காட்சியைப் பெறும் வசதியும் அம்முறையில் உண்டு. பீதுருதாலகாலையின் நிழலில் விழும் பள்ளத்தாக்குகளுக்குச் சிற்றஞ்சற் கோபுரங்கள் மாத்திரம் தனியே வேண்டப்படும்; மஸ்கெலியா, பொகவந்தலாவை, இராகலைப் பக்கத்து மேட்டுநிலங்கள், முன்பு அன்ரெனா நாட்டிய அதே இடங்கள், அவற்றுக்குப் பொருத்தமானவை.